நாய்க்குப் பால் ஊற்றிய வியாழக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரட்டுமா என்று டாக்டர் கேட்டாள். என் மகள் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அந்தத் தேதியைத் தேடினாள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. பத்து மணி வேண்டாம், வெயில் ஏறிவிடும், எட்டரைக்கு வரச் சொல் என்றேன். டாக்டரும் சரி என்றாள். ஓர் உயிர் போகிற நேரத்தை நான் வெயிலைப் பார்த்து முடிவு செய்தேன்.

போகப்போகிறவன் எங்கள் நாய். பதினான்கு வயது. ஈப்போவில், குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே இருக்கிற வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. ஓரத்து வீடு என்பதால் பக்கத்தில் பத்தடி அகலத்துக்கு மண் உண்டு. அந்த மண்ணுக்காகவே இந்த வீட்டை வாங்கு என்று மகளிடம் பிடிவாதம் பிடித்தேன். அவன் வந்ததும் அந்த மண்ணுக்குத்தான். ஒரு மழை நாளில், கையளவு குட்டி, வேலிக்குக் கீழே நுழைந்து என் கீரைப்பாத்தியில் படுத்துக்கொண்டது. விரட்டப் போனேன். என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. சரி, மழை விடுகிற வரைக்கும் இரு என்றேன். பதினான்கு வருடம் இருந்துவிட்டான்.

அவன் பெயரையோ மற்றவர் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள் நான். அதற்காக யாரும் இரக்கப்பட வேண்டாம். முப்பத்தோரு வருடம் ரப்பர் மரம் சீவியிருக்கிறேன். மரத்தைக் காயப்படுத்திவிட்டாய் என்று ஒரு கங்காணியும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

இவனுக்கு முன்னால் ஒரு பெட்டை நாய் இருந்தது. அதற்கும் முடியாமல் போனது. அப்போது மகள் ஜொகூரில் வேலையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் காரில் எங்களை டவுனில் இருக்கிற மிருக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டார். கடைசி ஊசி போட நாயை உள்ளே தூக்கிப்போனார்கள். உள்ளே வரலாம் என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். யாரும் தடுக்கவில்லை. நானாகவே போகவில்லை. வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரும்பு மேசை மேல் அதன் நகம் கீறுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது. அது கதவையே பார்த்துக்கொண்டிருந்ததாக, வெளியே வந்த ஒரு பெண் அன்பாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியாது அது எனக்கு என்ன செய்யும் என்று.

இவன் கதவைப் பார்க்கக் கூடாது. நான் கேட்டது அது ஒன்றுதான். வீட்டில் போகட்டும், என் கை மேலே இருக்கட்டும்.

டாக்டர் முதல் தடவை திங்கட்கிழமை வந்தாள். சீனப் பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மலாயில் பேசினாள். எனக்கும் பாசாருக்குப் போய் மீன் பேரம் பேசுகிற அளவுக்கு மலாய் வரும். தரையில் உட்கார்ந்து அவன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவன் திரும்பி அவள் முழங்கையை முகர்ந்தான்.

"கட்டி பெருசாயிருச்சு ஆன்ட்டி. வலி மருந்து குடுத்தா இன்னும் ஒரு வாரம், பத்து நாள் நல்லா இருப்பான். அதுக்கு மேல அவனுக்குத்தான் சூசா, கஷ்டம்."

"ஆபரேசன்?"

"இந்த வயசுல மேசையிலயே போயிரலாம்."

மேசை என்றதும் ஆபரேசன் பேச்சை விட்டுவிட்டேன். "இந்த மாதிரி எத்தனை நாய்க்கு ஊசி போட்டிருக்கே?" என்றேன்.

"ம்மா!" என்றாள் மகள்.

"எண்ணல ஆன்ட்டி. எண்ண வேணாம்னு வச்சிருக்கேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. "கையக் காட்டு" என்றேன். அவள் இரண்டு கையையும் நீட்டினாள். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. விரல் ஆடவில்லை. மரம் சீவுகிறவளுக்குக் கைதான் எல்லாம். உளி மேலோடு போனால் பால் வராது, ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரம் காயப்படும். புதிதாக வேலைக்கு வருகிறவளின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்போம். இவள் கை நிதானமான கை.

அவள் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். முதலில் பிடரித் தோலில் ஒரு ஊசி, பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவான். பிறகு முன்னங்காலில் கொஞ்சம் முடி எடுத்து, நரம்பில் இரண்டாவது ஊசி. கண் மூடாமலே இருக்கலாம், போன பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், பயப்பட வேண்டாம். "ஒண்ணே ஒண்ணு ஆன்ட்டி. தண்ணி நல்லா குடிக்கணும். தண்ணி குறைஞ்சா நரம்பு உள்ள இழுத்துக்கும். அப்புறம் தேடித் தேடிக் குத்துற மாதிரி ஆயிரும்."

இங்கேயும் ஒரு தாள் இருந்தது. "ஒவ்வொரு வரியா சொல்லு" என்றேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மலாயில் சொன்னாள். ஒரு வரியை இரண்டு தடவை சொல்ல வைத்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் என் பெயரை எழுதினேன். கோடு கொஞ்சம் மேலே ஏறிப் போய்விட்டது.

"அழகா இருக்கு ஆன்ட்டி."

"அழகுக்கா போட்டேன்? நான்தான் போட்டேன்னு தெரியணும்ல."

மறுநாளிலிருந்து இரண்டு வேலை வைத்துக்கொண்டேன். ஒன்று, ஊசிக்குப் பழக்குவது. பிடரித் தோலை லேசாகக் கிள்ளிப் பிடிப்பேன், உடனே வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. கிள்ளுவேன், கோழி. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. புதன்கிழமைக்குள் கிள்ளினாலே நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்ப ஆரம்பித்தான். சாகப்போகிறவனுக்குப் பள்ளிக்கூடம் வைக்கிறீங்களே என்று மகள் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய் மூக்கைச் சிந்தினாள்.

இன்னொன்று குழி. ஆள் வைத்துத் தோண்டலாம் என்றாள் மகள். எதற்கு ஆள்? எனக்கு எழுபத்திரண்டு வயது, இடுப்பில் வலி உண்டு, ஆனால் மண்வெட்டி பிடிக்கக் கை மறக்கவில்லை. வெயிலுக்கு முன்னால் கொஞ்சம், வெயில் தாழ்ந்து கொஞ்சம் என்று கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் தோண்டினேன். அவன் பக்கத்திலேயே படுத்துக் குவிந்த மண்ணை முகர்ந்துகொண்டிருப்பான். புதன்கிழமை மத்தியானம் நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். குழிக்குள் இறங்கி, குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்து, சுகமாகப் படுத்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் நாத்தனார் வந்து சேர்ந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, தாப்பாவில் மகனோடு இருக்கிறாள். எங்கள் வீட்டில் யாருக்கு எது என்றாலும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். கையில் பையோடு கேட்டைத் திறந்தவள் குழியை எட்டிப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ அண்ணி! உயிரோட குழிக்குள்ள இறங்கியிருக்கான், பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!"

"வெயில் தாங்கல, இறங்கிப் படுத்திருக்கான். உனக்கும் எடம் வேணுமா?"

"இந்த வாய்க்கு மட்டும் வயசாகல உங்களுக்கு."

"நீ காலக் கழுவிட்டு வா, தேத்தண்ணி போடுறேன்."

தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். ஊசி போடக் கூடாது. அது பாவம். உயிர் தானாகப் போக வேண்டும். போக மாட்டேன் என்று இழுத்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறதே. "அண்ணனுக்கு என்ன செஞ்சோம்? அஞ்சு நாள் இழுத்துக்கிட்டு இருந்தாரு. நான்தான் சொன்னேன், எல்லாரும் ஒவ்வொரு கரண்டி பால் ஊத்துங்கன்னு. அரை மணி நேரம் ஆகல, அமைதியா போயிட்டாரு. நீங்கதான பக்கத்துல இருந்தீங்க?"

இருந்தேன். உண்மைதான். தமிழர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து வாயில் பால் விடுவோம். ஏதோ ஆசை பாக்கி இருந்து உயிர் தங்குகிறது என்று நினைத்தால் வீட்டு மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு, தங்கத்தை உரைத்து ஒரு சொட்டு. அதோடு ஆசை தீர்ந்து போய்விடும் என்பார்கள்.

"நாய்க்கா?" என்றேன்.

"நாய்க்கு உயிர் இல்லையா?"

சரி என்றேன். ஆனால் நான் சம்மதித்தது அவள் நியாயத்தைக் கேட்டு இல்லை. அதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமையே அவன் தானாகப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணி எனக்கு வராது. நான் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்காது. வீட்டில் போகட்டும், என் கை மேலே இருக்கட்டும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அந்த நேரம் என் கால் எந்தப் பக்கம் நடக்கும் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவை நடந்த பக்கம்தான் தெரியும்.

வியாழக்கிழமை மாலை மகள் வேலை முடிந்து வந்த பிறகு ஊற்றினோம். நாத்தனார் நல்ல பசும்பால் வாங்கி, காய்ச்சி, ஆற வைத்திருந்தாள். வாசலில் பாயைப் போட்டு அவனைப் படுக்க வைத்தோம். மண் கரைக்கட்டுமா என்று கேட்டாள்.

"மண்ணாசையா? இந்த வீட்டுல இவன் தோண்டாத மண்ணே கெடையாது. அது தீந்துபோச்சு."

"அப்ப தங்கம்." தன் மோதிரத்தைக் கழற்றினாள்.

"தங்கத்து மேல ஆசைப்பட்டது அவன் இல்லடி, நீ."

மகள் களைத்துப் போயிருந்தாள். அத்தை சொல்வதைக் கேட்டு ஒரு கரண்டி விட்டாள். நாத்தனார் ஒன்று, நான் ஒன்று. மூன்று பேர், மூன்று கரண்டி, அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாளாகக் கோழித் துண்டைத் தவிர எதையும் சரியாகச் சாப்பிடாதவன் எழுந்து உட்கார்ந்தான். கரண்டியை நக்கினான். பால் இருந்த கிண்ணத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், வாலை ஆட்டினான்.

"ஆசை இதுதான் அண்ணி! பால் ஆசை!" என்று நாத்தனார் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டாள்.

கிண்ணத்தையே கீழே வைத்தோம். சத்தம் போட்டுக் குடித்தான். இன்னொரு கிளாஸ் ஊற்றினோம். அதையும் குடித்து, மூக்கு நுனியில் பாலோடு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சாகிறவன் மாதிரியே இல்லை. நாங்களும் சாகிறவனுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் மாதிரி இல்லை, பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை விடிந்து கதவைத் திறந்ததும் நாற்றம்தான் முதலில் வந்தது. வாசல் முழுக்க வயிற்றால் போயிருந்தான். குட்டியாக வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட வீட்டை அசிங்கம் பண்ணாதவன். மழையில்கூடப் பின்பக்கம் போய்வருவான். இப்போது மூலையில், சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தான். கூப்பிட்டேன். காது மட்டும் அசைந்தது. திரும்பவில்லை.

கழுவிவிட்டேன். திரும்பவும் போனான். திரும்பக் கழுவினேன். ஒன்பது மணிக்கெல்லாம் அவனால் நிற்க முடியவில்லை. ஈறு காய்ந்து ஒட்டிக்கொண்டது.

எங்கள் தெருமுனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற பாய் அந்த நேரம் கேட்டுக்கு வந்தார். அவர் நாயைத் தொட மாட்டார், அவர்கள் மார்க்கம் அப்படி. ஆனால் கடையில் மிஞ்சுகிற கோழி எலும்பையும் ஆட்டு எலும்பையும் ஒரு பையில் கட்டி எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றைக்கு நான் வாளியும் விளக்குமாறுமாக நிற்பதைப் பார்த்து என்ன அக்கா என்றார். சொன்னேன்.

"ரெண்டு கிளாஸா? எங்க கடைப் பூனைக்கே பால் ஆகாது அக்கா. இது கிழ நாயி, தாஹான் பண்ணுமா, தாங்குமா?"

"தெரியாம செஞ்சிட்டோம் பாய்."

"டாக்டருக்குப் போன் அடிங்கலா, சும்மா நிக்காதீங்க."

மகள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டாக்டரை அழைத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கைப்பேசியைச் சத்தமாக வைத்தாள்.

"பாலா? எவ்வளவு?" என்றாள் டாக்டர்.

"ரெண்டு கிளாஸ்."

"எதுக்கு?"

இதை எப்படிச் சொல்வது என்று மகள் திணறினாள். நான் கைப்பேசியை வாங்கி, எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். எங்கள் வழக்கம், சீக்கிரம் போகட்டும் என்று ஊற்றுவோம், ஊசி வேண்டாமே என்று நினைத்தோம். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, ரொம்பக் கஷ்டப்பட்டா நான் இன்னைக்கே வாரேன். ஞாயிறு வரைக்கும் வச்சிருக்கணும்னு இல்ல. ஆனா இந்த நெலமையில நரம்பு கெடைக்கிறது சிரமம். கரண்டி கரண்டியா தண்ணி குடுத்துப் பாருங்க. மத்தியானத்துக்குள்ள குடிக்க ஆரம்பிச்சா ஞாயிறு. இல்லன்னா கூப்பிடுங்க, உடனே வந்துடுறேன்."

நாத்தனார் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "நான்தான் அண்ணி, நான்தான் செஞ்சிட்டேன்."

"கரண்டிய நானும்தான்டி பிடிச்சேன்" என்றேன். "அழுதது போதும். அரிசியக் கழுவு."

அரிசியைக் குழைய வேகவைத்து, வடித்த கஞ்சித் தண்ணீரில் துளி உப்புப் போட்டு ஆற வைத்தோம். கால் மணிக்கு ஒரு தடவை ஒரு கரண்டி. முதல் இரண்டு தடவை வாயின் ஓரத்தால் வழிந்தது. மூன்றாவது தடவை நாக்கு லேசாக அசைந்தது. அவன் தலையை என் கையில் வைத்துக்கொண்டு நான் அவனிடம் பேசினேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. பயந்தது நான், வயிறு போனது உனக்கு என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. இப்படி அழுக்கோடு, சுவரைப் பார்த்தபடி உன்னை அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னேன். பதினொரு மணிக்குக் கரண்டியைக் கவ்வினான். பன்னிரண்டு மணிக்குக் கிண்ணத்தில் இருந்த தண்ணீரை அவனாகவே நக்கினான். மகள் டாக்டருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினாள். ஞாயிறு என்று பதில் வந்தது.

நாத்தனார் அந்தக் கரண்டியை என்னிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை. சாயந்திரம் வரைக்கும் அவளே ஊட்டினாள், ஈரத்துணியால் அவன் பின்பக்கத்தைத் துடைத்தாள், விசிறினாள். தாப்பாவிலிருந்து பாவம் புண்ணியம் பேச வந்தவள், நாயின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவனைக் குளிப்பாட்டினோம். வெதுவெதுப்பான தண்ணீர், மகளின் நல்ல சோப்பு. துவட்டி வெயிலில் படுக்க வைத்ததும் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றான். ஆடி ஆடி கேட்டுத் தூண் வரைக்கும் போனான். காலைத் தூக்க முடியவில்லை, இருந்தாலும் தூக்கப் பார்த்தான். ஒரு சொட்டு அந்தத் தூணில் விட்டான். நாங்கள் மூன்று பெண்களும் கைதட்டினோம்.

அன்றைக்குப் பாய் மகனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு வந்து வெளியே நின்றார். எங்கள் நாய் கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

"என்னடா, போறியா?" என்றார். அவன் பையைத் தேடி மூக்கை நீட்டினான். "இன்னைக்குப் பை இல்லடா. உனக்கு வயிறு சரியில்லன்னு அக்கா திட்டும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அந்த நேரம் உங்களுக்குத் தைரியம் குடுக்கச் சொல்லி தொழுகையில நான் கேட்டுக்கிறேன் அக்கா."

"எனக்கு என்ன, நான் நல்லாத்தான இருக்கேன்?"

"அதுக்குத்தான் கேட்டுக்கிறேன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள். பையை வாசலிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வா என்று சொல்லியிருந்தேன், அப்படியே வந்தாள். அவன் மண்ணில், கீரைப்பாத்திக்குப் பக்கத்தில், ஒரு பழைய போர்வை மேல் படுத்திருந்தான். அங்கே வரைக்கும் அவன் காலாலேயே நடந்து போனான். அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தடவினாள். மலை மேல் வெயில் விழ ஆரம்பித்திருந்தது, எங்கள் பக்கம் இன்னும் நிழல்தான்.

மகள் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் தோளைத் தொட்டாள். "ம்மா, நீங்க உள்ள போங்க. நானும் அத்தையும் பாத்துக்கிறோம்."

அவள் என் நல்லதுக்குத்தான் சொன்னாள். என் கால் வீட்டுப் பக்கம் அரை அடி திரும்பியது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், வாலின் நுனி போர்வையில் இரண்டு தடவை தட்டியது.

"தோளக் குடு" என்றேன் மகளிடம். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கி மண்ணில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு இது பெரிய வேலை. கீழே உட்கார்ந்துவிட்டால் ஒருவர் தூக்கிவிடாமல் என்னால் எழுந்திருக்க முடியாது. இனிமேல் நினைத்தாலும் ஓட முடியாது. காலை நீட்டி அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

டாக்டர் பிடரித் தோலைப் பிடித்தாள். அவன் உடனே நாக்கை நீட்டி என் பக்கம் திரும்பினான். கோழித் துண்டு கையில் தயாராக இருந்தது. அவன் அதைச் சப்பிக்கொண்டிருந்தபோதே ஊசி போய் வந்துவிட்டது, அவனுக்குத் தெரியவே இல்லை. நாக்கால் மூக்கைத் துழாவினான். இன்னொரு துண்டு கேட்டான், கொடுத்தேன். அதை மென்று முடிப்பதற்குள் தலை கனத்தது. அவன் கண் என் மேலேயே இருந்தது. வேறெங்கும் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டான், குறட்டைகூட விட்டான்.

டாக்டர் முன்னங்காலில் கொஞ்சம் முடியை எடுத்தாள். விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். "நல்ல நரம்பு" என்றாள். ஒரே தடவை. தேடவில்லை. எனக்குப் பின்னால் நாத்தனார் மூச்சை விடுகிற சத்தம் கேட்டது.

என் கையை அவன் விலா மேல் வைத்திருந்தேன். ஏறியது, இறங்கியது, ஏறியது. இறங்கியது. எது கடைசி என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக இருந்தது. டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு நெஞ்சில் வைத்துக் கேட்டாள், ரொம்ப நேரம் கேட்டாள்.

"போயிட்டானா?"

"போயிட்டான் ஆன்ட்டி."

நான் அழுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். அழுகை வந்தது, ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. நீண்ட தூரம் சுமந்த தண்ணீர்க் குடத்தைச் சிந்தாமல் இறக்கி வைத்த மாதிரி. அவன் காதைத் தடவிக்கொண்டே இருந்தேன். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. தன் கையையும் அவன் முதுகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போர்வையோடு சேர்த்து அவனைக் குழியில் இறக்க வேண்டும். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். கால் மரத்துப்போய்விட்டது, அசையவில்லை. மகள் ஒரு கையைப் பிடித்தாள், நாத்தனார் ஒரு கையைப் பிடித்தாள், இழுத்தார்கள். பாதி எழுந்து திரும்ப உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் டாக்டர் பின்பக்கமாக வந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்பார்கள். நாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தோம்.

மண்ணை நாத்தனாரும் மகளும் தள்ளினார்கள். நான் கடைசியில் மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன் செய்தேன். டாக்டர் போன பிறகு நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணி, எனக்கு நேரம் வந்தா நீங்க இப்படித்தான் வந்து கீழ உக்காரணும்."

"உக்காருவேன். அப்புறம் என்னை எவடி தூக்கிவிடுறது?"

"என் மருமகக்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

"அவளா? அந்த ஒல்லிக்குச்சியா?"

அன்று மத்தியானம் மீன் குழம்பு வைத்தேன். மூன்று பேரும் இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டோம். நாத்தனார் மூன்று மணி பஸ்ஸுக்குப் போக வேண்டியவள், நாளைக்குப் போலாம் என்று பையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.